மருந்துக்கு விலக்கு உண்டு, பணம் செல்ல வழி இல்லை: ஐ.நா. பாதுகாப்பு அவை உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாதுகாப்பு அவையில் இடம்பெற்றுள்ள பதினைந்து நாடுகளின் மதிப்பிற்குரிய பிரதிநிதிகளுக்கு,

வணக்கம். படை அனுப்பாமல் ஓர் அரசைப் பணியவைக்கும் அதிகாரத்தை ஐ.நா. சாசனத்தின் 41ஆம் பிரிவு உங்களுக்கு வழங்கியிருக்கிறது. அந்த அதிகாரத்தைக் கைவிடுங்கள் என்று கேட்க நான் இம்மடலை எழுதவில்லை. 1935இல் எத்தியோப்பியா மீது படையெடுத்த இத்தாலிக்கு எதிராக ஐ.நா.வின் முன்னோடியான அன்றைய சர்வதேசச் சங்கம் தடை விதித்தபோது, இத்தாலியப் படைக்கு உயிர்நாடியான எண்ணெயை மட்டும் பட்டியலில் சேர்க்கத் தயங்கியது. சூயஸ் கால்வாயும் திறந்தே இருந்தது. 1936 மே மாதம் அடிஸ் அபாபா வீழ்ந்தது. தடை விதிக்கத் தயங்கினாலும் மக்கள் சாவார்கள் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. 1977இல் தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசுக்கு ஆயுதம் விற்கக் கூடாது என்று நீங்கள் நிறைவேற்றிய 418ஆம் தீர்மானத்தை இன்றும் மதிப்போர் பலர். நானும் அவர்களில் ஒருவர்.

நான் கேட்க வந்தது வேறு. பொருளாதாரத் தடைத் தீர்மானங்களில் உணவுக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டு என்று எழுதுகிறீர்கள். அந்த விலக்கின்படி ஒரு மருந்துப் பெட்டி நகர வேண்டுமானால், அதற்குரிய பணம் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குப் போய்ச் சேர வேண்டும். அந்தப் பணம் எந்த வழியாகச் செல்லும் என்பதைத் தீர்மானங்கள் சொல்வதில்லை. பணம் செல்ல வழியில்லாத விலக்கை விலக்கு என்று கருத என்னால் இயலவில்லை. அதைத் தடை விதிக்கும்போதே நீங்கள் சரிசெய்ய வேண்டும் என்பதே என் கோரிக்கை.

ஈராக்கின் அனுபவம் உங்கள் ஆவணங்களிலேயே இருக்கிறது. 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. நான்கே நாள்களில் 661ஆம் தீர்மானம் நிறைவேறியது. மருத்துவப் பொருள்களுக்கும், மனிதாபிமானச் சூழ்நிலைகளில் உணவுக்கும் அதில் விலக்கு இருந்தது. ஆனால் எண்ணெய் விற்கக் கூடாது என்று அதே தீர்மானம் சொன்னது. வெளிநாடுகளில் இருந்த ஈராக்கின் பணமும் முடங்கியது. வாங்க அனுமதி இருந்தது, கொடுக்கக் காசு இல்லை. எண்ணெயை விற்று உணவு வாங்கிக்கொள்ள வழிசெய்த 986ஆம் தீர்மானம் 1995 ஏப்ரலில்தான் வந்தது. பாக்தாத் அரசும் இத்தகைய ஏற்பாடுகளை ஆண்டுக்கணக்கில் மறுத்துக் காலத்தைக் கடத்தியது என்பதையும் சொல்லியாக வேண்டும். தன் மக்களின் பசியை அது பேரத்துக்குப் பயன்படுத்தியது. எப்படியோ, அத்திட்டத்தின் முதல் உணவுச் சரக்கு ஈராக்கை அடைந்தபோது 1997 மார்ச் ஆகிவிட்டது. தடை விதித்து ஆறரை ஆண்டுகள் கடந்திருந்தன.

அதன்பிறகும் சிக்கல் தீரவில்லை. 661ஆம் தீர்மானத்தின்கீழ் அமைந்த குழு மூடிய அறையில் கூடியது. அதில் இருந்த பதினைந்து நாடுகளில் எந்த ஒன்றும் ஒரு கொள்முதல் ஒப்பந்தத்தைக் காலவரையின்றி நிறுத்திவைக்க முடிந்தது. நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் மின்நிலையங்களுக்கும் வேண்டிய உதிரிப்பாகங்கள், படைக்கும் பயன்படக்கூடும் என்ற ஐயத்தால் பல நூறு கோடி டாலர் மதிப்பில் தேங்கிக் கிடந்தன. ஐ.நா.வின் மனிதாபிமான ஒருங்கிணைப்பாளராக பாக்தாத்தில் பணியாற்றிய டெனிஸ் ஹாலிடே 1998இலும், அவருக்குப் பின் வந்த ஹான்ஸ் வான் ஸ்போனெக் 2000இலும் பதவி விலகினார்கள். உங்கள் கொள்கையைக் களத்தில் நடைமுறைப்படுத்தும் பொறுப்பில் அடுத்தடுத்து அமர்ந்த இருவர், அதன் பெயரால் இனிப் பணிசெய்ய முடியாது என்று வெளியேறியது சிறிய செய்தி அன்று. இதற்கிடையே ஆட்சியாளர்களுக்குப் பணம் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. எண்ணெய் விற்று உணவு வாங்கும் அத்திட்டத்தில் 2,200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் முறைகேடான தொகைகளில் தொடர்புபட்டிருந்ததையும், சுமார் 180 கோடி டாலர் சதாம் அரசுக்குச் சென்றதையும் பால் வோல்கர் தலைமையிலான விசாரணைக் குழு 2005இல் வெளிப்படுத்தியது.

அந்தத் தடைகளால் இறந்த குழந்தைகள் எத்தனை பேர் என்பதற்கு இன்றுவரை நம்பத்தக்க விடை இல்லை. 1990களில் உலகெங்கும் பேசப்பட்ட ஐந்து லட்சம் என்ற எண்ணிக்கையை 2003க்குப் பின் எடுக்கப்பட்ட கணக்கெடுப்புகள் உறுதிப்படுத்தவில்லை. தடையை ஆதரிப்போர் சிலர் இதை ஒரு வெற்றியைப் போல எடுத்துக்காட்டுவது எனக்கு வருத்தம் தருகிறது. பதின்மூன்று ஆண்டுகள் ஒரு நாட்டின் மொத்த வணிகத்தையும் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்த அவை, அதன் விளைவைத் தானே அளந்து வெளியிட்டிருந்தால், அந்த எண்ணைச் சொல்லும் வேலை எந்த அரசின் மேல் தடை விதிக்கப்பட்டதோ அந்த அரசின் கைக்கே போயிருக்காது. இனி எந்தப் பரந்த பொருளாதாரத் தடைக்கும், உணவு விலை, மருந்து இருப்பு, குழந்தை இறப்பு ஆகியவற்றை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து பொதுவில் வெளியிடும் தனிப்பட்ட குழு ஒன்று, தீர்மானம் நிறைவேறும் நாளிலேயே அமைய வேண்டும்.

ஈராக்கிலிருந்து நீங்கள் பாடம் கற்கவில்லை என்று சொல்ல மாட்டேன். அதன்பின் நாடுகளின் மேல் அன்றி, குறிப்பிட்ட மனிதர்கள் மேலும் அமைப்புகள் மேலும் தடை விதிக்கத் தொடங்கினீர்கள். 2022 டிசம்பர் 9 அன்று பதினான்கு வாக்குகளுடன் நிறைவேறிய 2664ஆம் தீர்மானம், ஐ.நா.வின் சொத்து முடக்கங்கள் அனைத்துக்கும் பொதுவான மனிதாபிமான விலக்கை ஏற்படுத்தியது. அதை மனமார வரவேற்றேன். ஆனால் அது ஐ.நா. அமைப்புகளையும் தொண்டு நிறுவனங்களையும் அவற்றோடு சேர்ந்து பணிசெய்வோரையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. ஒரு நாட்டின் கடைகளுக்கு வரும் மாவையும் எண்ணெயையும் பெரும்பாலும் தனியார் வணிகர்கள்தான் இறக்குமதி செய்கிறார்கள். அவர்களுக்கு அந்த விலக்கு எந்த அளவுக்குப் பொருந்தும் என்று தீர்மானம் தெளிவாகச் சொல்லவில்லை. தெளிவில்லாத இடத்தில் வங்கி காலெடுத்து வைக்காது.

வங்கிகளை மட்டும் குறைசொல்வதிலும் பொருளில்லை. சூடான், ஈரான், கியூபா தொடர்பான அமெரிக்கத் தடைகளை மீறியதற்காக 2014இல் பிஎன்பி பரிபா வங்கி ஏறத்தாழ 900 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. அதைப் பார்த்த எந்த வங்கியும், சில ஆயிரம் டாலர் கட்டணத்துக்காக ஒரு மருந்துக் கொடுக்கல்வாங்கலை ஏற்றுத் தன் இருப்பையே பணயம் வைக்காது. சட்டம் அனுமதித்தவற்றையும் சேர்த்து மறுப்பதே வங்கிக்குப் பாதுகாப்பான வழியாகிவிட்டது. பிரான்சும் ஜெர்மனியும் பிரிட்டனும் 2019 ஜனவரியில் ஈரானுடனான முறையான வணிகத்துக்கென்று இன்ஸ்டெக்ஸ் என்ற நிறுவனத்தையே தொடங்கின. மூன்று வலிமையான அரசுகள் பின்னால் நின்றும், 2023இல் அது கலைக்கப்படும் வரை அதன் வழியாக நடந்தது மருத்துவப் பொருள்களுக்கான ஒரே ஒரு கொடுக்கல்வாங்கல்தான்.

2023 பிப்ரவரி 6 அன்று துருக்கியையும் சிரியாவையும் நிலநடுக்கம் தாக்கியதையும் நினைவூட்ட விரும்புகிறேன். சிரியா மீதான அமெரிக்கத் தடைகளில் மனிதாபிமான உதவிக்கு ஏற்கெனவே விலக்கு இருந்தது. ஆனாலும் மூன்று நாள் கழித்து, நிலநடுக்க நிவாரணத்துக்கென 180 நாள் செல்லுபடியாகும் தனி அனுமதி ஒன்றை அமெரிக்கக் கருவூலத் துறை வெளியிட நேர்ந்தது. பழைய விலக்கு போதுமானதாக இருந்திருந்தால் இந்தப் புதிய அனுமதிக்குத் தேவையே எழுந்திருக்காது. அது உங்கள் அவை விதித்த தடை அன்று என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் உங்கள் அவையின் வழியாக அன்றித் தனியாகத் தடைகளை மிகுதியாக விதிக்கும் நாடுகள் உங்கள் மேசையைச் சுற்றித்தான் அமர்ந்திருக்கின்றன. அந்த நாடுகள் எழுதும் விதிகளும் நீங்கள் எழுதும் விதிகளும் ஒரே வங்கியில், ஒரே அதிகாரியின் முன்தான் போய் நிற்கின்றன.

ஆப்கானிஸ்தானில் இவ்விரு வகைத் தடைகளும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தன. 2021 ஆகஸ்டில் தாலிபான் காபூலைப் பிடித்ததும், நியூயார்க்கில் இருந்த ஆப்கான் மத்திய வங்கியின் ஏறத்தாழ 700 கோடி டாலரை அமெரிக்கா முடக்கியது. அமைச்சகங்களில் அமர்ந்தவர்களில் பலர் உங்கள் தடைப்பட்டியலில் இருந்தவர்கள் என்பதால், ஒரு மருத்துவமனைக்கு மின்கட்டணம் செலுத்துவதும் குற்றமாகுமோ என்ற அச்சம் எழுந்தது. உங்கள் 2615ஆம் தீர்மானம் அந்த அச்சத்தைப் போக்க டிசம்பர் 22 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் குளிர்காலம் வந்துவிட்டது. உதவிப் பணிகளுக்கான டாலர் நோட்டுகளை ஐ.நா. விமானத்தில் ஏற்றிக் காபூலுக்குக் கொண்டுசென்றது. பெண்களின் கல்வியைப் பறித்த ஆட்சியாளர்களுக்கு அந்தக் கையிருப்பை அப்படியே ஒப்படைத்திருக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. வங்கியில் சேமிப்பு வைத்திருந்த ஆசிரியரும் கடைக்காரரும் தங்கள் சொந்தப் பணத்தை எடுக்க முடியாமல் நின்றதற்கு யார் பொறுப்பு என்று மட்டும் கேட்கிறேன்.

ஆகவே ஒவ்வொரு தடைத் தீர்மானமும் தன் விலக்குகளுக்குரிய பணம் செல்லும் வழியையும் தானே குறிப்பிட வேண்டும்: எந்த வங்கிகள் வழியாக, எந்தக் கண்காணிப்பின்கீழ், அந்த வங்கிகளை எந்த உறுப்பு நாடும் தண்டிக்காது என்ற எத்தகைய எழுத்துப்பூர்வ உறுதியுடன் என்று. இது புதிய கற்பனையன்று. ஈராக்கின் எண்ணெய்ப் பணத்துக்கு ஐ.நா. தன் கட்டுப்பாட்டில் ஒரு கணக்கை நியூயார்க்கிலேயே நடத்தியது. அதில் நிகழ்ந்த ஊழல், கண்காணிப்பை வலுப்படுத்தக் காரணமாகலாம்; வழியையே மூடக் காரணமாகாது.

அண்டை நாடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் தடையால் சிறப்பான பொருளாதாரச் சிக்கலுக்கு ஆளாகும் எந்த நாடும் உங்களுடன் கலந்தாலோசிக்கலாம் என்கிறது சாசனத்தின் 50ஆம் பிரிவு. ஈராக், குவைத் தடைகளின்போது ஜோர்டான், இந்தியா, இலங்கை, பிலிப்பைன்ஸ் உள்ளிட்ட 21 நாடுகள் அந்த உரிமையைப் பயன்படுத்தி உங்கள் கதவைத் தட்டின. பிற நாடுகள் உதவ வேண்டும் என்ற வேண்டுகோளைத் தாண்டி அவையிடமிருந்து அவற்றுக்குப் பெரிதாக ஒன்றும் வரவில்லை. உலக அமைதிக்கான செலவைத் தற்செயலாக அருகில் இருந்த ஏழை நாடு ஏற்பது நியாயமாகாது. தடைக்கு வாக்களிக்கும் நாடுகள் ஓர் இழப்பீட்டு நிதிக்கும் பங்களிக்க வேண்டும் என்றால், வாக்களிக்குமுன் இன்னும் ஒருமுறை எண்ணிப்பார்ப்பார்கள்.

கடைசியாக, முடிவு நாள். முடிவு நாள் இல்லாத தடையை நீக்கப் புதிய தீர்மானம் வேண்டும். அதை ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் ஒருவர் தன் வீட்டோவால் தடுத்துவிடலாம். ஈராக் தடைகள் 2003 மே வரை நீண்டதற்கு இந்த அமைப்பு பெரிய காரணம். மாறாக, 2000ஆம் ஆண்டில் எத்தியோப்பியா, எரித்ரியா ஆகியவற்றுக்கு ஆயுதத் தடை விதித்த 1298ஆம் தீர்மானம் பன்னிரண்டு மாதம் என்று காலம் குறித்தது. காலம் முடிந்ததும் தடையும் முடிந்தது. முடிவு நாளுக்கும் விலை உண்டு என்பதை மறைக்க மாட்டேன். மாலி மீதான தடைகள் 2023 ஆகஸ்டிலும், வடகொரியத் தடைகளைக் கண்காணித்த வல்லுநர் குழு 2024 ஏப்ரலிலும் ரஷ்யாவின் வீட்டோவால் முடிவுக்கு வந்தன, இரண்டும் இழப்புகளே. அதனால்தான் ஆயுதத் தடைகளுக்கும் கண்காணிப்புக் குழுக்களுக்கும் நான் முடிவு நாள் கேட்கவில்லை. ஒரு நாட்டின் வணிகத்தையும் வங்கிகளையும் முழுவதுமாகத் தொடும் தடைகளுக்கு மட்டும், அவற்றைத் தொடர விரும்பும் நாடுகள் ஆண்டுக்கு ஒருமுறை அந்த ஆறு மாத அறிக்கைகளைக் கையில் வைத்துக்கொண்டு பொது அமர்வில் தங்கள் காரணத்தைச் சொல்லி, மீண்டும் ஒன்பது வாக்குகளைப் பெற வேண்டும் என்று கேட்கிறேன்.

அடுத்த பரந்த பொருளாதாரத் தடைத் தீர்மானத்தின் வரைவு உங்கள் மேசைக்கு வரும்போது, பணம் செல்லும் வழி, அளக்கும் குழு, அண்டை நாடுகளுக்கான நிதி, முடிவு நாள் ஆகிய நான்கும் அதில் இல்லையென்றால், அதைத் திருப்பி அனுப்புமாறு உங்களை வேண்டிக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
பொதுமக்களில் ஒருவர்