இசைத்தட்டு ரசிகர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் 11 உறுப்பினர்களுக்கும் வணக்கம். பதிவேட்டில் நாம் 48 பேர்.

இவ்வாண்டு 10 மாதக் கூட்டங்கள் நடந்தன. பொங்கல் விழா இனிதே நிறைவுற்றது. ஒலிபெருக்கி பழுது பார்க்கப்பட்டது. நவம்பர் கூட்டம் மழையால் நடைபெறவில்லை. ஆகஸ்ட் கூட்டம் நடைபெறாததற்கு மழை காரணமல்ல. அன்று நானும் மண்டபக் காவலாளியும் மட்டுமே வந்திருந்தோம்.

அடுத்து, இரவுப் பாடல்களின் ஒலிப்பதிவு வரலாற்றுப் பட்டியல். "செயலாளரின் சொந்தப் பொழுதுபோக்கு" என்று செயற்குழுவில் ஒருவர் கூறியது குறிப்பேட்டில் ஏறிவிட்டதால், இதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

'வாராயோ வெண்ணிலாவே' பாடலை எடுத்துக்கொள்வோம். 1955இல் விஜயா நிறுவனம் ஒரே கதையைத் தமிழில் 'மிஸ்ஸியம்மா' என்றும் தெலுங்கில் 'மிஸ்ஸம்மா' என்றும் எடுத்தது. தெலுங்கில் என்.டி.ராமாராவ், தமிழில் ஜெமினி கணேசன் என நாயகன் மாறினார், குரல்கள் மாறவில்லை. எஸ்.ராஜேஸ்வர ராவின் அதே மெட்டை இரு மொழியிலும் ஏ.எம்.ராஜாவும் பி.லீலாவுமே பாடினார்கள். நம் அலமாரியில் தமிழ் உறைக்குள் தெலுங்குத் தட்டு எத்தனை ஆண்டுகள் கிடந்ததோ தெரியாது. ஒருவராவது எடுத்துப் போட்டிருந்தால் முதல் சொல்லிலேயே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

'தங்கமலை ரகசியம்' (1957) படத்தின் 'அமுதைப் பொழியும் நிலவே' பாடலை இரண்டு பதிவுகளாகக் கணக்கில் ஏற்றியதற்கும் ஆட்சேபம் வந்தது. மகிழ்ச்சியாக ஒன்று, சோகமாக ஒன்று என பி.சுசீலா இரண்டு பாடியிருக்கிறார். இசையமைப்பாளர் டி.ஜி.லிங்கப்பா இரண்டு முறை உழைத்ததை நாம் ஒன்று என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

நிலவுப் பாட்டெல்லாம் இரவுப் பாட்டா என்ற சர்ச்சை இரண்டு கூட்டங்களைத் தின்றது. "நிலா பகலிலும் தெரியும்" என்று பொருளாளர் வாதாடினார். அவர் சொல்வது வானியல், நம்முடையது பாட்டு. ஆயினும் 'ஆயிரம் நிலவே வா' பாடலில் அழைக்கப்படுவது பெண்தானே என்றபோது நானும் சற்றுத் தடுமாறினேன். அதன் வரலாற்றுக்காகவே சேர்த்தேன். பாட வாய்ப்புப் பெற்ற இளைஞர் எஸ்.பி.பாலசுப்ரமணியம் நோய்வாய்ப்பட்டுப் படுத்துவிட, எம்.ஜி.ஆர். வேறு பாடகரைத் தேடாமல் அவர் தேறி வரும்வரை ஒலிப்பதிவை நிறுத்திவைத்தார். 1969இல் 'அடிமைப் பெண்' வெளியானபோது அந்தக் குரலைத் தமிழகம் அறிந்தது.

அதே பாடகர் 1982இல் பாடிய 'இளைய நிலா பொழிகிறது' பட்டியலில் இருப்பதை யாரும் எதிர்க்கவில்லை. ஆனால் அதில் கிடார் வாசித்தவர் யார் என்று கேட்டேன், மௌனம். ஆர்.சந்திரசேகர். இசைத்தட்டு உறைகளில் வாத்தியக்காரர்களின் பெயர்களைப் பெரும்பாலும் அச்சிட மாட்டார்கள். அந்த மெட்டு அடுத்த ஆண்டே 'கலாகார்' என்ற இந்திப் படத்துக்குப் போய்க் கிஷோர் குமார் பாடிப் புகழ்பெற்றது. அங்கும் கிடார்தான் முதலில் காதில் விழுகிறது. இப்படிப்பட்ட பெயர்களை எழுதிவைப்பதற்குத்தான் இந்தப் பட்டியல்.

இதுவரை 63 பாடல்கள் ஏறியிருக்கின்றன. 'கர்ணன்' (1964) படத்தின் 'இரவும் நிலவும் வளரட்டுமே' பாடலுக்கான குறிப்பு பாதியில் நிற்கிறது. அந்தத் தட்டை மார்ச் மாதம் இரவல் வாங்கிச் சென்ற ஆயுள் உறுப்பினரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர் இன்று வரவில்லை.

வரவு செலவு: வரவைவிடச் செலவு சற்றுக் கூடுதல், முன்னிருப்பிலிருந்து ஈடுகட்டப்பட்டது. "இதர செலவு" என்ற தலைப்பில் பட்டியலுக்கான நோட்டுகளும், நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகளுக்கான ஊசியும் அடங்கும். இந்த ஊசியைச் சொந்தப் பொழுதுபோக்குக்கு வாங்கவில்லை. 29 பேரின் சந்தா பாக்கி. அவர்களில் 6 பேருக்கு இது மூன்றாம் ஆண்டு.

மண்டபத்தை வாடகை குறைத்துத் தந்தவர்களுக்கும், சுண்டல் வழங்கிய அன்பருக்கும், கருத்து வேறுபட்டாலும் கணக்கைச் சரியாக எழுதிய பொருளாளருக்கும், ஆகஸ்ட்டில் என்னுடன் மூன்று பாடல்களைக் கேட்ட காவலாளிக்கும் நன்றி.

வரும் ஆண்டில் செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்றால் மகிழ்வேன். கண்பார்வை முன்போல் இல்லை. தட்டின் உள்விளிம்பில் பொறித்த எண்களைப் படிக்கப் பூதக்கண்ணாடி தேவைப்படுகிறது. அப்படி எவரும் முன்வராவிட்டால், சங்கத்தின் நலன் கருதி நானே தொடர மறுக்கப்போவதில்லை. அதற்குப் புதிய பூதக்கண்ணாடி ஒன்றுக்குச் செயற்குழு ஒப்புதல் தர வேண்டும்.

ரசீதுப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது. பேனாவும் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்