மனு வாங்கிய பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் பகுதியின் மக்கள் பிரதிநிதிகள் ஊர் ஊராகச் சென்று குறை கேட்டு வருவது பற்றித் தங்கள் இதழில் வந்த செய்தியைப் படித்தேன். கேட்பது நல்லதுதான். ஆனால் செட்டிநாட்டு ஊர்களில் மனு கொடுக்க இடமில்லை என்பது இன்றைக்குப் பெரிய குறையாக இல்லை. திங்கட்கிழமைதோறும் சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. தொகுதிதோறும் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகம் இருக்கிறது. இடையிடையே முகாம்களும் நடக்கின்றன. கொடுத்த மனு எந்த மேசையில் நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று நமக்காகக் கேட்டுச் சொல்ல ஆளில்லை என்பதே குறை.

எங்கள் ஊர் ஊருணியையே சொல்கிறேன். நான்கு கரையும் செம்புறாங்கல்லால் கட்டி, படித்துறை வைத்து, மழைநீர் வந்து சேர வரத்துக் கால்வாயும் வெட்டி முன்னோர் விட்டுச் சென்றது. இப்போது நல்ல மழை பெய்த ஆண்டிலும் பாதிகூட நிறைவதில்லை. காரணம் ஊருக்கே தெரியும். சாலையை உயர்த்தியபோது அதன் அடியில் இருந்த சிறுபாலத்தில் தண்ணீர் போகும் கண் மண்ணடைத்துப் போயிற்று. அதற்கு மேலே கால்வாய் நெடுகச் சீமைக்கருவேலம் மண்டிவிட்டது. இன்னும் மேலே ஓரிடத்தில் வேலியைத் தள்ளிப் போட்டுக் கால்வாயை ஓர் ஆள் தாண்டும் அகலத்துக்குக் குறுக்கிவிட்டார்கள். ஊருணி ஊராட்சியின் பொறுப்பு. ஆக்கிரமிப்பை அளந்து சொல்ல வேண்டியது வருவாய்த்துறை. பாலம் நெடுஞ்சாலைத்துறையைச் சேர்ந்தது. ஆகவே மனுவை எங்கே கொடுத்தாலும், தங்கள் வரம்பில் வராததால் உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது என்றொரு பதில் வருகிறது. பதில் வந்துவிட்டதால் அலுவலகக் கணக்கில் அந்த மனு முடிந்துவிடுகிறது. ஊருணிக்குள் ஆடு மேய்கிறது.

வட்டார வளர்ச்சி அலுவலர், நில அளவர், நெடுஞ்சாலைப் பொறியாளர் ஆகிய மூவரையும் ஒரே முற்பகலில் அந்தப் பாலத்தடியில் கொண்டுவந்து நிறுத்த ஊர்க்காரரால் முடியாது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் தொலைபேசியில் பேசினால் முடியும். இதற்குத் தொகுதி மேம்பாட்டு நிதியைத் தொடவே வேண்டியதில்லை. நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாயும் சட்டமன்ற உறுப்பினருக்கு 3 கோடி ரூபாயும் பணிகளைப் பரிந்துரைக்க ஒதுக்கப்படுகின்றன. அதில் கட்டப்படும் நிழற்குடைகளும் கலையரங்குகளும் தேவைதான். நிழற்குடையில் பெயர் எழுதிக்கொள்ளலாம், மூன்று துறைகளை ஓரிடத்தில் கூட்டியதற்குப் பெயர்ப்பலகை கிடையாது என்பதால்தானோ என்னவோ, அந்த வேலையில் ஆர்வம் குறைவாகவே காணப்படுகிறது.

எங்கள் ஒன்றிய உறுப்பினராக இருந்த பெண்மணி ஒருவர் இதற்கு விலக்கு. அவரிடம் அதிகாரமும் குறைவு, நிதியும் குறைவு. பொதுவீடு ஒன்றின் வளவுச் சுவர் தெருப்பக்கம் சாய்கிறது, பங்காளிகளோ சென்னையிலும் மலேசியாவிலுமாக இருக்கிறார்கள் என்று அடுத்த வீட்டு ஆச்சி முறையிட்டபோது, “ஆச்சி, பங்குத் தகராறு என் கையில இல்லை, அது கோர்ட்டுல தீர வேண்டியது, சுவருக்கு மட்டும் இன்னைக்கே ஊராட்சியில சொல்றேன்” என்று முகத்துக்கு நேரே சொன்னார். சொன்னபடி ஊராட்சியிலிருந்து ஆள் வந்து பார்த்து, அந்தப் பக்கம் தடுப்புக் கட்டினார்கள். ஆகாததை ஆகாது என்று அன்றே சொன்னதால் ஆச்சி அலைச்சல் இல்லாமல் வழக்கறிஞரைப் பார்க்கப் போனார். பார்க்கலாம், செய்யலாம் என்ற இனிப்பான சொற்களைவிட இது எவ்வளவோ மேல்.

2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட அத்தகையவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் நாளோடு முடிந்து, ஊராட்சி நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. அலுவலர்களை நான் குறை சொல்லவில்லை. ஒருவரே ஒன்றியத்தின் அத்தனை ஊராட்சிகளுக்கும் பொறுப்பாளர் என்றால், தெருவிளக்குக்கும் குடிநீர்க் குழாய்க்கும்கூட மக்கள் சட்டமன்ற உறுப்பினரின் வாசலுக்குத்தான் போவார்கள். ஊராட்சி உறுப்பினர் தீர்க்க வேண்டியவை சட்டமன்ற உறுப்பினரின் மேசையில் குவிந்தால், சட்டமன்ற உறுப்பினர் மட்டுமே தீர்க்கக்கூடியவை அடியில் போய்விடும்.

செட்டிநாட்டுக்கென்றே இன்னொரு சிக்கலும் உண்டு. நம் ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரு மாவட்டங்களிலும், காரைக்குடி, திருப்பத்தூர், திருமயம் என்று வெவ்வேறு சட்டமன்றத் தொகுதிகளிலும் சிதறிக் கிடக்கின்றன. தண்ணீர் மாவட்ட எல்லை பார்த்து ஓடுவதில்லை; மேலே ஒரு மாவட்டத்தில் கால்வாய் அடைபட்டால் கீழே அடுத்த மாவட்டத்தில் கண்மாய் வறளும். இந்த மூன்று தொகுதிகளும் சிவகங்கை நாடாளுமன்றத் தொகுதிக்குள் வருவதால், இரு மாவட்ட ஆட்சியர்களிடமும் உரிமையோடு பேசக்கூடியவர் நாடாளுமன்ற உறுப்பினர். மத்திய அரசுத் திட்டங்களைக் கண்காணிக்க மாவட்டந்தோறும் கூடும் ஒருங்கிணைப்புக் குழுவை வழிநடத்தும் பொறுப்பும் நாடாளுமன்ற உறுப்பினருக்கு உண்டு. எல்லைதாண்டும் வரத்துக் கால்வாய்களை இரு மாவட்ட அலுவலர்களும் சேர்ந்து ஆய்வு செய்ய அவர் ஏற்பாடு செய்யலாம். அதை ஐப்பசி மழைக்கு முன்பே செய்தால் பயனிருக்கும்.

தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மனு பெற்றார் என்ற செய்தியையும் படத்தையும் தாங்கள் தவறாமல் வெளியிடுகிறீர்கள். அடுத்த முறை அதே ஊருக்குப் பிரதிநிதி வரும்போது, சென்ற முறை வாங்கிய மனுக்களில் முடிந்தவை எத்தனை, நிற்பவை எந்தத் துறையில் நிற்கின்றன என்பதையும் தங்கள் செய்தியாளர் கேட்டு, அவர் தரும் பதிலை அந்தப் படத்தின் கீழேயே வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
காரைக்குடி வட்டம்.