கூந்தன்குளத்தில் கேமராவுக்கும் ஓர் எல்லை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டம் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் படமெடுக்க வரும் என்னைப் போன்றவர்கள் நடந்துகொள்ளும் முறை பற்றித் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்ற இந்தக் குளத்தை அரசாணைகளுக்கு வெகுகாலம் முன்பிருந்தே காத்துவருபவர்கள் அவ்வூர் மக்கள். தீபாவளிக்கும் வெடி வெடிக்காத ஊர் அது. வீட்டு வாசலில் நிற்கும் வேம்பிலும் புளியிலும் மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சமும் மீன் நாற்றமும் முற்றத்தில் விழுந்தாலும் எவரும் கிளையை வெட்டுவதில்லை. கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளை எடுத்து மீன் கொடுத்து வளர்க்கிறார்கள்.

அண்மையில் ஒரு காலைப் பொழுதில் நான் அங்கிருந்தபோது, குளத்தின் நடுவே வரித்தலை வாத்துகள் கூட்டமாக அமர்ந்திருந்தன. கரையோரச் சேற்றில் கரண்டிவாயன்கள் அலகைப் பக்கவாட்டில் வீசி இரை துழாவிக்கொண்டிருந்தன. வெயில் ஏறியதும் ஊருக்குள் ஒரு கூட்டைத் தொலைநோக்கியில் பார்த்தேன். தாய் நாரை கிழக்கு நோக்கி இறக்கைகளை விரித்து நிற்க, அந்த நிழலுக்குள் இறகு முளைக்காத மூன்று குஞ்சுகள் ஒண்டிக் கிடந்தன. துணை நாரை குளத்திலிருந்து வாய் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அவற்றின் மேல் சொட்டவிட்டது. அந்த நேரத்தில்தான் காரில் வந்திறங்கிய சிலர் மரத்தடிக்கே போய், பறக்கும் நிலையில் படம் வேண்டும் என்பதற்காகக் கைதட்டத் தொடங்கினார்கள். வாசல் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா, "ஏ ஐயா, கை தட்டாதிய, மேல குஞ்சு கெடக்கு" என்று சொல்லியும் அவர்கள் நிறுத்தவில்லை. நாரைகள் எழும்பிய மறுகணமே பக்கத்துக் கூட்டில் காகம் இறங்கி, முட்டை ஒன்றைக் கவ்விச் சென்றது.

தாய்ப்பறவை சிறிது நேரம் விலகினாலும் குஞ்சு வெயிலில் சுருண்டுவிடும் என்பதையும், காகமும் பருந்தும் அந்த இடைவெளிக்காகவே காத்திருக்கின்றன என்பதையும் படமெடுப்போர் அறிந்திருக்க வேண்டும். குளத்தில் ஓய்வெடுக்கும் வாத்துகளைக் கிளப்பிவிடுவதும் இதற்குக் குறைந்த தீங்கன்று. மங்கோலியா, திபெத் பகுதிகளிலிருந்து இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து, திரும்பிப் போவதற்கான கொழுப்பை இங்குதான் உடலில் சேர்த்துக்கொள்கிறது. ஒவ்வொரு முறை பயந்து பறக்கும்போதும் அதில் ஒரு பகுதி வீணாகிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதையும் 'வேட்டை' என்ற சொல்லின் வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியவில்லை.

நல்ல படத்துக்குப் பறவையை விரட்ட வேண்டியதில்லை. அது தானாக இறங்கும் நேரத்தையும் காற்றின் திசையையும் தெரிந்துகொண்டு, ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்தால் போதும். பறவை காற்றை எதிர்த்தே இறங்கும் என்பதால் முகம் நம் பக்கம் அமையும் இடத்தை முன்கூட்டியே தேர்ந்துவிடலாம்.

ஆகவே கூடு கட்டும் காலத்தில் மரங்களுக்குக் குறிப்பிட்ட தொலைவில் எல்லை குறித்து, அதற்கு அப்பால் மறைவுத் தட்டிகள் அமைத்து, உள்ளூர் இளைஞர்களைச் சம்பளத்துடன் வழிகாட்டிகளாக நியமிக்குமாறு வனத்துறையை வேண்டுகிறேன். ஊராரின் சொல்லை மீறி மரத்தடிக்குச் செல்வோரை வெளியேற்றும் அதிகாரம் அந்த இளைஞர்களுக்கு இருக்க வேண்டும். ட்ரோன் பறக்கவிடுவதை எந்தக் காலத்திலும் அனுமதிக்கக் கூடாது. பறவைகள்மேல் உண்மையான ஆர்வமுள்ள புகைப்படக் கலைஞர்கள், ஜனவரியில் நம் குளங்களில் நடைபெறும் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பில் தன்னார்வலர்களாகச் சேரலாம். அவர்கள் கையிலுள்ள நீள லென்ஸ்கள் தொலைவிலிருந்தே இனம் கண்டறியப் பெரிதும் உதவும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை.