'பிழை எங்களுடையது' என்று ஒரு வரி

புகார்களுக்குப் பதில் அனுப்பும் அதிகாரிகளுக்கும், அந்தப் பதில்களுக்கு வாசகம் எழுதிக் கொடுக்கும் மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

"தங்களுக்கு ஏதேனும் சிரமம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம்." எங்கள் புகாருக்கு இந்த முறையும் உங்களிடமிருந்து வந்தது அதே வரி. சான்றிதழில் பெயரின் ஓர் எழுத்தை மாற்றி அடித்துவிட்டு, கேட்க வந்தவரிடம் "வாங்கும்போதே பாத்திருக்கணும்" என்று சிடுசிடுத்த விவகாரத்துக்கு வந்த பதில் அது.

வரியைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். 'ஏதேனும்' என்றால் என்ன சிரமம் என்று சொல்லத் தேவையில்லை. 'இருந்தால்' என்றால் சிரமம் இருந்ததா என்பதே சந்தேகம். 'ஏற்பட்டு' என்றால் அது தானாக வந்தது, யாரும் ஏற்படுத்தவில்லை. பள்ளியில் படித்த தன்வினை, பிறவினை நினைவிருக்கும்: உடைந்தது, உடைத்தேன், தொலைந்தது, தொலைத்தேன். உங்கள் கடிதங்களில் கோப்பு எப்போதும் தொலைகிறது, எண் மாறிவிடுகிறது, பெயர் விடுபட்டுவிடுகிறது. கோப்புகளுக்கு அங்கே கால் முளைத்திருக்கிறது போலும்.

இதையும் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அந்தத் திருத்தப் படிவம். 'திருத்தம் கோரும் காரணம்' என்ற இடத்தில் 'அலுவலகப் பிழை' என்ற கட்டமே கிடையாது. எனவே பாதிக்கப்பட்டவரே தவறு செய்தவர் போல எழுதி, கட்டணம் கட்டி, அடையாளச் சான்றின் நகல் இணைத்து, கீழே கையெழுத்தும் போடுகிறார். அவர் முதலில் கொடுத்த விண்ணப்பத்தில் பெயர் சரியாகத்தான் இருக்கும். அது உங்கள் அலமாரியில்தான் இருக்கிறது. எடுத்து ஒப்பிட்டால் சில நிமிட வேலை. ஆனால் எடுத்தால், மாற்றி அடித்தது யார் என்பதும் தெரிந்துவிடுமே! முகப்பில் உட்கார்ந்திருப்பவரின் கோபம் பாதி இங்கிருந்துதான் கிளம்புகிறது. தப்பு நம் பக்கம் என்று தெரிந்ததும் முதலில் உயர்வது குரல்தான்.

ஒப்புக்கொண்டால் வழக்கில் மாட்டுவோம் என்று சட்ட ஆலோசகர்கள் பயமுறுத்துவதும் தெரியும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2006இலேயே இதற்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது: ஒருவர் மன்னிப்புக் கேட்டதையே ஆதாரமாக வைத்து, உரிமையியல் வழக்கில் தவறு அவருடையது என்று நிறுவ முடியாது. அப்படிச் சட்டம் இல்லாத இடத்திலும், ஓர் எழுத்துப் பிழைக்கு யார் வழக்குப் போடப் போகிறார்கள்?

மன்னிப்பின் கூறுகளை ஆறாகப் பிரித்து அமெரிக்கப் பேராசிரியர் ராய் லெவிக்கியும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மக்கள் அதிகம் மதித்தது பொறுப்பை ஏற்பதை; அடுத்து, சரிசெய்து தருவதாகச் சொல்வதை. 'மன்னித்துவிடுங்கள்' என்ற வேண்டுகோள் கடைசியில் நின்றது. நீங்கள் முதல் இரண்டையும் விட்டுவிட்டு வருத்தத்தை மட்டும் அனுப்புகிறீர்கள்.

எழுத வேண்டியது இவ்வளவுதான்: "பெயரில் ஓர் எழுத்தைத் தவறாக அடித்துவிட்டோம். பிழை எங்களுடையது. இந்தத் தேதிக்குள் கட்டணமின்றித் திருத்தித் தருகிறோம்." தேதியை எண்ணில் போடுங்கள்; 'விரைவில்' வேண்டாம். 'ஆனால்' என்று ஒரு வாக்கியம் தொடங்கினால் முன்னால் எழுதியது அத்தனையும் வீண். 'சிஸ்டம் எடுக்கல' என்பதும் வேண்டாம். எதையெடுத்தாலும் அந்தச் சிஸ்டத்தின் தலையில்தான்; அதற்கு வாய் இருந்தால் அதுவாவது ஒப்புக்கொண்டிருக்கும்.

மன்னிக்கவும், கேலி செய்ய இதை எழுதத் தொடங்கவில்லை. கேட்பது ஒன்றுதான். பிழை உங்களுடையதாக இருக்கும்போது அப்படியே எழுதுங்கள். அடுத்த முறை படிவம் அச்சிடும்போது 'அலுவலகப் பிழை' என்று ஒரு கட்டம் சேருங்கள். அதில் குறியிட்டவரிடம் கட்டணம் வாங்காதீர்கள். அதுவரை, பழைய படிவத்தின் ஓரத்தில் அதைக் கையால் எழுதிக் கொடுப்பவரைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
திருத்தப் படிவம் நிரப்புவோர்