நடுக்கூடத்தில் நெருப்பு: மாதிரி வீடு அமைக்க நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

அறுநூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் குடியானவர்கள் சனவரிக் குளிரை எப்படித் தாங்கினார்கள்? இங்கே வளரும் நம் பிள்ளைகள் இதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள, நம் தமிழ்ப் பள்ளியில் அந்தக் கால வீடு ஒன்றின் மாதிரியை மரத்தில் செய்து வைக்கப் போகிறோம். ஒரு பக்கச் சுவரைத் திறந்தால் உள்ளே எல்லாம் தெரியும்.

கென்ட் பகுதியில் 1400களின் தொடக்கத்தில் கட்டிய பேலீஃப் பண்ணை வீட்டைப் பார்த்துத்தான் செய்யப் போகிறோம். நீர்த்தேக்கம் ஒன்று வந்ததால் அதை 1960களின் கடைசியில் பிரித்தெடுத்து, சசெக்ஸில் சிங்கிள்டன் ஊர் அருங்காட்சியகத்தில் மறுபடி எழுப்பினார்கள். இன்றும் போய்ப் பார்க்கலாம்.

அந்த வீட்டுக் கூடத்துக்குப் புகைபோக்கி கிடையாது. நடுவில் தரையிலேயே நெருப்பு; புகை மேலேறிக் கூரை வழியாக வெளியேறும். சன்னலில் கண்ணாடி இல்லை, மரக்கதவுதான். விவரம் தெரியாமல் கட்டிய வீடு என்று நினைத்துவிடக் கூடாது. சுவரோரம் எரியும் நெருப்பின் சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கியோடு போய்விடும். நடுவில் எரிந்தால் சுற்றி உட்கார்ந்த எல்லோருக்கும் சூடு கிடைக்கும். தாழ்வான முக்காலியில் உட்கார்ந்தால் புகை தலைக்கு மேலே நிற்கும். மேலே தொங்கும் பன்றி இறைச்சி கெடாமலிருக்கவும் அந்தப் புகைதான் உதவியது. இரவில் தணலை மண் மூடியால் மூடிவைப்பார்கள். தீ பரவாது, காலையில் ஊதினால் பற்றிக்கொள்ளும்.

தென்மேற்கு இங்கிலாந்தின் டார்ட்மூர் நீள்வீடுகளில் ஒரு கோடியில் மனிதர், மறுகோடியில் மாடுகள். மாடுகளின் உடல்சூடும் வீட்டுக்கு உதவியது. விறகு தட்டுப்பாடான நார்ஃபோக்கில் செடிகொடிகள் மக்கி உண்டான கரிமண்ணை (peat) வெட்டி எரித்தார்கள். வெட்டிய பள்ளங்களில் தண்ணீர் நிறைந்ததுதான் இன்று நாம் படகு விடும் ஏரிகள்! இதையெல்லாம் படத்தோடு சொல்லும் சிறு தமிழ்க் கையேடும் மாதிரி வீட்டோடு வரும்.

தமிழில் வேண்டும் என்று நாங்கள் நினைப்பதற்குக் காரணம் நம் வீட்டுப் பெரியவர்கள். ஊரில் விறகடுப்பை ஊதி ஊதிக் கண் கலங்கிய அப்பம்மாவும் அம்மம்மாவும் இந்த வீட்டின் முன் பேரப்பிள்ளைகளோடு நின்றால் சொல்ல நிறைய இருக்கும். எந்த விறகு புகையும், எது நின்று எரியும் என்பதை அவர்களைவிட யார் சொல்லப்போகிறார்கள்?

ஓக் மரம், தச்சர் கூலி, கையேடு அச்சு எல்லாம் சேர்த்து 1,800 பவுண்டு ஆகும். குழுவில் உள்ளவர்கள் 600 போட்டுவிட்டோம். மீதி 1,200 பவுண்டுக்குத்தான் உங்களிடம் வருகிறோம். ஐந்து பவுண்டும் எங்களுக்குப் பெரிது. சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவுக் கணக்கு மாதந்தோறும் பள்ளி அறிவிப்புப் பலகையில் இருக்கும்.

மரவேலை தெரிந்தவர்கள், படம் வரையத் தெரிந்தவர்கள் பணத்துக்குப் பதில் இரண்டு வார இறுதிகள் தந்தாலும் போதும். பொங்கல் விழாவில் திறந்துவிட வேண்டும் என்பது எங்கள் எண்ணம். அதனால் கார்த்திகைக்குள் கொடுத்து உதவுங்கள்.

அன்புடன்,
மாதிரி வீடு அமைப்புக் குழு