இடது கால் மூக்கு

அன்பு அம்மிணி,

நல்லபடியாக மைசூர் சேர்ந்துவிட்டாய் என்று அம்மா சொன்னாள். போனில் சொன்னால் நீ "சரி சரி" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் பைக் ஓட்ட நீ வாங்க வேண்டிய பூட்ஸைப் பற்றி எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பண்ணாரி வரை உன் பின்னாலேயே வந்தேன் அல்லவா? கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் உன் இடது முழங்கால் மேலே எழுந்தது. கணுக்கால் மட்டும் அசைய வேண்டிய வேலைக்கு முழுக்காலையும் தூக்கினாய். பண்ணாரி தாண்டித் திம்பம் மலை ஏற 27 கொண்டை ஊசி வளைவுகள். அத்தனை வளைவிலும் கால் ஃபுட்ரெஸ்டை விட்டு எழும்பினால், வண்டி சாயும் நேரத்தில் உடம்புக்குப் பிடிமானம் எங்கே இருக்கும்? நீ போய்ச் சேர்ந்தாய் என்று தெரியும் வரை எனக்கு வேலை ஓடவில்லை.

குறை உன்னிடம் இல்லை, ஷூவில் இருக்கிறது. ஆலையில் கொடுத்த இரும்பு மூக்கு ஷூ, மேலிருந்து விழும் பொருளுக்கு அணை. கியர் லீவருக்கு அடியில் நுழைய அதற்கு வழியில்லை. என் பழைய வண்டியில் குதிகாலாலும் மிதிக்கலாம், அதனால் செருப்போடு நான் காலம் தள்ளிவிட்டேன். உன் வண்டியில் முதல் கியர் மட்டும் கீழே, மற்றதெல்லாம் மேலே. ஒவ்வொரு முறையும் கால் மூக்கு, அதாவது விரல் நுனிப் பக்கம், லீவருக்கு அடியில் போய்த் தூக்க வேண்டும். அந்தச் சந்து எவ்வளவோ அவ்வளவுக்குள் பூட்ஸின் மூக்கு அடங்க வேண்டும். முன்பக்கம் தட்டையாக, மெலிந்து இருப்பதைப் பார்.

லீவர் படும் இடத்தில், இடது பூட்ஸின் மேல்புறம், கூடுதலாக ஒரு தோலோ ரப்பரோ வைத்துத் தைத்திருப்பார்கள். அது இல்லாவிட்டால் அந்த இடம்தான் முதலில் தேயும். என் பட்டறைக்கு வண்டியோடு வருகிறவர்கள் காலைப் பார்த்தாலே தெரியும், இடது ஷூ கறுத்துப் பிளந்திருக்கும், வலது புதிதாகவே இருக்கும்.

அடிப்பாகம் குறுக்கே அழுத்தினால் நசுங்கக் கூடாது, கணுக்கால் மட்டும் முன்னும் பின்னும் தாராளமாக மடங்க வேண்டும். இந்த இரண்டும் ஒரே பூட்ஸில் அமைவதுதான் அரிது, விலையும் அதற்குத்தான். பைக் பூட்ஸுக்கான ஐரோப்பியத் தரமான இஎன் 13634 குறி உள்ளே இருக்கிறதா என்று பார். அதன் கீழே 1 அல்லது 2 என்று நான்கு எண்கள் வரிசையாக இருக்கும். கடைசி எண் அந்தக் குறுக்கு நசுங்கலைத் தாங்குவதற்கு. 2 இருந்தால் மேல். ஷூ லேஸ் தொங்கும் வகை வேண்டவே வேண்டாம். ஒருமுறை என் லேஸ் ஃபுட்ரெஸ்டில் சிக்கி, சிக்னலில் காலை ஊன்ற முடியாமல் வண்டியோடு சாய்ந்திருக்கிறேன். மலையேறுகிறவர்களின் பூட்ஸும் ஆகாது. அடியில் இருக்கும் ஆழமான வரிகள் ஃபுட்ரெஸ்டைக் கவ்விக்கொள்ளும்.

மாலையில் கடைக்குப் போ, கால் சற்று வீங்கியிருக்கும். நீ வண்டிக்குப் போடும் காலுறையையே போட்டுக்கொள். கடைக்காரரிடம் கேட்டு, வாசலில் நிற்கும் உன் வண்டியில் உட்கார்ந்து, கிளட்ச் பிடித்துக்கொண்டு நான்கைந்து முறை லீவரைத் தூக்கிப் பார். கால் ஃபுட்ரெஸ்டிலேயே இருக்க வேண்டும். முழங்கால் எழுந்தால் கழற்றிக் கொடுத்துவிடு, எவ்வளவு அழகாக இருந்தாலும்.

இன்னொன்று. கால் மூக்கை லீவர் மேலேயே வைத்து ஓட்டாதே. உள்ளே கியரை நகர்த்தும் ஃபோர்க் தேய்ந்துபோகும், சரிசெய்ய இன்ஜினையே பிரிக்க வேண்டிவரும்.

நல்ல பூட்ஸ் வாங்கியும் கொஞ்சம் இடித்தால் கவலைப்படாதே. லீவரைக் கழற்றி, அது மாட்டியிருக்கும் பல் தண்டில் ஒரு பல் மேலே தள்ளி மாட்டிவிடலாம், ஒரே போல்ட்தான். நீயே செய்யாதே, தளர்ந்து வழியில் விழுந்துவிட்டால் ஆபத்து. பொங்கலுக்கு வரும்போது அந்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு வா. பத்தாம் நம்பர் ஸ்பேனரை வாசல் திண்ணையிலேயே எடுத்து வைத்திருக்கிறேன்.

அப்பா