தெனார் அழுத இடம்

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. வீடு மாறின அலைச்சலில் உடனே பதில் போட முடியவில்லை. அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததே, நிம்மதி. மாடிப்படி மட்டும் இப்போதைக்கு ஏற விடாதே.

இங்கே பிரித்த முதல் பெட்டியிலேயே நம் எர்த்சீ மந்திரவாதிக் கதைப் புத்தகங்கள் அகப்பட்டன. அப்புறம் எங்கே மற்றதை அடுக்குவது! மூன்று ராத்திரி அதிலேயே போயிற்று.

ஹாஸ்டலில் ஒரே பிரதியை மாற்றி மாற்றி வாசித்தோமே, அது 1968-இல் வந்த முதல் புத்தகம். மந்திரவாதி என்றாலே தாடிக் கிழவர்தானா, அவர் பையனாக இருந்தபோது எப்படி இருந்திருப்பார் என்று அதை எழுதிய உர்சுலா லெ குவின் யோசித்ததில் பிறந்த கதை. அந்தப் பையன் கெட் வீம்புக்கு மந்திரம் போட்டு ஒரு நிழலை உலகத்துக்குள் விட்டுவிடுகிறான். கடைசியில் அந்த நிழலைத் தன் பெயர் சொல்லியே கூப்பிடுகிறான். அந்தப் பக்கத்தில் நீ அழுதாய், நினைவிருக்கிறதா? கெட் செம்பழுப்பு நிறம், அவன் நண்பன் வெட்ச் கறுப்பு. நம்மைப் போன்ற பிள்ளைகள் அந்தக் கதையில் இருந்தது அப்போது எவ்வளவு பெரிய விஷயம்! 2004-இல் வந்த தொலைக்காட்சித் தொடரில் கெட்டாக ஒரு வெள்ளைக்காரரைப் போட்டார்கள். லெ குவின் அதைக் கண்டித்தே எழுதினார்.

ஆனால் இந்தத் தடவை என்னைப் பிடித்து உட்கார வைத்தது இரண்டாவது புத்தகம், 1971-இல் வந்த அட்டுவான் கல்லறைகள். கடலும் இல்லை, டிராகனும் இல்லை என்று அன்றைக்கு ஏனோதானோவென்றுதான் வாசித்து முடித்தேன். தெனார் என்ற குழந்தையைக் கொண்டுவந்து, பெயரைப் பிடுங்கி, இருட்டுத் தெய்வங்களுக்குப் பூசாரியாக்குகிறார்கள். பாதாளத்தில் விளக்கே கூடாது. வருஷக்கணக்காகச் சுவரைத் தடவியே நடந்து பழகியவள். ஒருநாள் கெட் அங்கே திருட வந்து கோலில் வெளிச்சம் ஏற்றுகிறான். அப்போதுதான் அவள் முதன்முதலாகப் பார்க்கிறாள், அந்தக் குகை முழுக்கப் படிகங்களாக மின்னுவதை. அவ்வளவு அழகின் நடுவே இத்தனை காலம் கண் தெரியாமல் நடந்திருக்கிறாள்.

தப்பித்து வெளியே வந்தபிறகு சந்தோஷப்படாமல் அழுகிறாளே, அது சின்ன வயதில் எனக்குப் புரியவே இல்லை. உனக்குச் சொல்லவில்லை, மார்ச்சில் வி.ஆர்.எஸ். வாங்கிவிட்டேன். இருபத்திரண்டு வருஷ வேலை. முதல் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் காபி டம்ளரோடு உட்கார்ந்து, எதற்கென்று தெரியாமல் அழுதேன். இவர் பயந்துபோனார். போன வாரம் தெனார் அழுத பக்கத்தில்தான் அதற்குக் காரணம் கிடைத்தது. வீணாய்ப் போன வருஷங்களுக்காகத்தான் அவள் அழுகிறாள். போக இடம் இருக்கிறது, எப்படிப் போவதென்றுதான் தெரியவில்லை.

மூன்றாம் புத்தகம் வந்து பதினெட்டு வருஷம் கழித்து, 1990-இல் வந்த தெஹானு என்ற நான்காம் புத்தகத்தில் தெனார் திரும்ப வருகிறாள். நம் வயதுக்காரி, கணவனை இழந்தவள், தீக்காயம்பட்ட ஒரு சிறுமியை வளர்க்கிறாள். மந்திரசக்தி எல்லாம் போய்த் திரும்பி வரும் கெட்டையும் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். இரண்டையும் கூரியரில் அனுப்புகிறேன். அட்டுவானை முதலில் வாசி, அவசரப்படாதே. என் பென்சில் கோடுகள் இருக்கும். நீயும் உன் கோடுகளைப் போட்டே அனுப்பு.

அன்புடன்,
வசந்தி